குதிரைக்கு விழுந்த மாலை

போன ஆடியில் என் தங்கச்சியின் பேரன் கனடாவிலிருந்து வந்து, கரம்பொனில் எங்களோடு மூன்று கிழமை நின்றான். வரும்போது ஒரு விளையாட்டுப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தான். அதை டீவியில் கொழுவிவிட்டு, ஒரு கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலைச் சாப்பாடு முடிந்தால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அதற்கு முன்னால்தான். தாய்க்காரி ஏசுவாள். நான் ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து நானும் பார்த்தேன்.

அந்த விளையாட்டில் ஒரு பெடியன் இருக்கிறான். அவன்தான் கதாநாயகன். நீலச் சட்டை, முதுகில் வாள். ஓடுகிறான், பாய்கிறான், மதில் ஏறுகிறான், பேய் பிசாசை வெட்டுகிறான். வாய் திறந்து ஒரு சொல் கதைக்கிறதில்லை. மூன்று கிழமை பார்த்தும் அவனுடைய முகம் எனக்கு மனதில் நிற்கவில்லை. ஆனால் அதில் ஒரு கிழவி வருகிறாள். தோணிக்காரி. ஒரு கண் பழுது. ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் அவளிடம்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தப் பெடியனை மேலும் கீழும் பார்த்து ஏதோ ஒரு நையாண்டி சொல்லிவிட்டுத்தான் துடுப்பைத் தொடுவாள். அவள் பேசும் பாஷை எனக்கு விளங்காது. நையாண்டி விளங்கும். அவள் வருகிற இடம் வந்தால், நான் குசினியில் நின்றாலும் பேரன் கூப்பிடுவான்.

"பெரியம்மம்மா, கிழவி வந்திட்டா. கெதியா வாங்கோ."

அவன் போட்டிருந்த சேட்டிலும் அந்தக் கிழவியின் படம்தான். ஒருநாள் கேட்டேன்.

"ஏன் மோனை, பாடுபடுறது முழுக்க உந்தப் பெடியன். சேட்டிலை மட்டும் கிழவியோ?"

"அவனை ஒருத்தருக்கும் பிடிக்காது. என்ரை பிரெண்ட்ஸ் எல்லாருக்கும் கிழவியைத்தான் பிடிக்கும்."

"அவன் என்ன பிழை செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை. அவன் சும்மா நல்லவன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அவனுக்கு முகம் தேவையில்லை, பெரியம்மம்மா. அவனுக்குள்ளை நிக்கிறது நான்தானே."

அதைச் சொல்லிவிட்டு அவன் தன் பாட்டுக்கு அடுத்த மதிலில் ஏறிவிட்டான். நான்தான் அந்தச் சொல்லோடு இருந்துவிட்டேன். எழுபது வருஷம் கிட்ட முந்தி, நானும் ஒன்றுக்குள்ளே நின்றவள். கதாநாயகனுக்குள்ளே இல்லை. அவனுடைய குதிரைக்குள்ளே. அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். அவன் மற்றவர்களுக்கும் எழுதி வையுங்கோ என்றான். என் எழுத்து கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும். இருந்தாலும் கதை என்னுடையது, எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் சுருவிலில் இருந்தோம். எனக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்லலாமே தவிர, படித்தேன் என்று சொல்ல ஏலாது. எழுத்துகள் எனக்கு ஏறவில்லை. கரும்பலகையைப் பார்த்தால் வெயிலில் காயப்போட்ட வெங்காயம் மாதிரிச் சிதறிக் கிடக்கும். வேறு எல்லாம் எனக்கு வரும். ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்துவேன், சந்தையில் மீன் விலை கேட்கிற கிழவர் மாதிரிக் கதைப்பேன், எங்களுக்குப் படிப்பித்த சட்டம்பியார் மூக்குப்பொடி போடுகிறதை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று செய்து காட்டுவேன். அதற்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் புள்ளி போடுகிறதில்லை.

பெரியம்மா, அதுதான் அப்பாவின் தமையனுடைய மனைவி, எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கல்வீட்டில் இருந்தா. என்னைக் கண்டால் அம்மாவுக்குச் சொல்லுகிற சொல் ஒன்றுதான். "உவளை ஏன் மினைக்கெடுத்திறீர்? அடுப்படியிலை விடும். உவளுக்கு உதுதான் சரி." சிரித்துக்கொண்டுதான் சொல்லுவா. அம்மாவும் சிரிப்பா. அந்த இரண்டு சிரிப்பும் எனக்கு முள்ளாய்க் குத்தும்.

பெரியப்பாவுக்கு மாத்தறையில் கடை. எங்கள் தீவுப் பக்கத்தில் அப்போது பாதி வீடுகள் அப்படித்தான். ஆம்பிளையள் தெற்கே கடையில் நிற்பார்கள். வருஷத்தில் இரண்டு தரம் வருவார்கள், சித்திரைக்கு ஒருதரம், கோயில் திருவிழாவுக்கு ஒருதரம். அந்த வருஷம் பெரியப்பாவுக்கு இரண்டுக்கும் வர ஏலாமல் போய்விட்டது. என்னுடைய அப்பா எங்கும் போகாதவர். புகையிலைத் தோட்டமும் பனங்காணியும் மாடும்தான் அவருக்கு உலகம். அதனால் ஊரில் பெரியப்பா பெரிய மனுசன், அப்பா சும்மா மனுசன்.

நவராத்திரி வாணிவிழாவுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் நாடகம் போடுவார்கள். கடைசி நாள் பின்னேரம், பூசை முடிந்து அவல் கடலை கொடுத்த கையோடு தொடங்கி, பொழுது படுவதற்குள் முடித்துவிடுவார்கள். கதையைச் சட்டம்பியாரே எழுதுவார். யார் என்ன வேஷம் என்பதில் ஒரு ஒழுங்கு இருந்தது. எழுதி வைக்காத ஒழுங்கு. திரைச்சீலைக்குத் துணி கொடுக்கிற வீட்டுப் பிள்ளைதான் கதாநாயகன். அந்த வருஷம் மாத்தறையிலிருந்து ஒரு கட்டு சிவப்புப் பட்டுத்துணி வந்திருந்தது. ஆகவே இளவரசன் பெரியம்மாவின் மகன். எனக்கு அண்ணை முறை, என்னிலும் இரண்டு வயது கூட.

அண்ணையைப் பற்றி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். நல்ல குரல், நல்ல நினைவு. பாட்டெல்லாம் ஒரே கிழமையில் பாடமாக்கிவிட்டான். துணி வராவிட்டாலும் அவன்தான் இளவரசனாயிருப்பான் என்று இப்போது நினைக்கிறேன்.

நாடகக் கதை இதுதான். ஒரு நாட்டில் மழை இல்லை, கிணறெல்லாம் உவர். இளவரசன் குதிரையில் ஏறி நல்ல தண்ணீர் தேடிப் போகிறான். வழியில் பெரியோரை வணங்குகிறான், பசித்தவனுக்குச் சோறு கொடுக்கிறான், உண்மையே பேசுகிறான். கடைசியில் ஒரு பொட்டல் வெளியில் ஈட்டியால் நிலத்தைக் குத்த, தண்ணீர் பொங்குகிறது. சட்டம்பியார் இளவரசனுக்கு ஊரில் இருக்கிற எல்லா நல்ல குணத்தையும் கொடுத்துவிட்டார். பாவம், வேறு ஒன்றும் மிச்சம் விடவில்லை.

குதிரையாக ஒரு பெடியனும் வரமாட்டேன் என்றுவிட்டான். மிருக வேஷம் கட்டினால் பிறகு வருஷம் முழுக்க அந்தப் பேர்தான் நிலைக்கும் என்று பயம். சட்டம்பியார் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். பார்வை என்னில் வந்து நின்றது.

"நீ வாறியே?"

"நான் என்ன சொல்லோணும் ஐயா?"

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நிண்டால் காணும்."

வாசிக்கத் தெரியாதவளுக்கு அதைவிட என்ன வேண்டும். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

குதிரையைக் கைவேலைப் பாடத்தில் செய்தார்கள். தலை பனையோலைப் பின்னல். வாய்க்கு இரண்டு மட்டைத் துண்டு, உள்ளே ஒரு கயிறு, இழுத்தால் வாய் மூடும், விட்டால் திறக்கும். பிடரிக்கும் வாலுக்கும் தேங்காய்த் தும்பு. உடம்புக்கு வளையம் கட்டிச் சாக்கு மூடினார்கள். முன்னங்கால் இரண்டும் என்னுடையவை. பின்னங்கால் இரண்டும் பூவரசந் தடிகள், நான் நடக்க நடக்கப் பின்னால் இழுபடும். உள்ளே போனால் கழுத்துக்குள்ளே ஒரு ஓட்டையால் மட்டும் வெளியே பார்க்கலாம். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே என் கால் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது.

அதுதான் எனக்குப் பிறகு வந்த கவலை. சட்டம்பியார் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார், குதிரைக்குள்ளே ஆர் என்று வீட்டிலும் சொல்லக் கூடாது, தெரிந்தால் குதிரை போய்விடும் என்று. அம்மாவிடம் நானும் நாடகத்தில் நிற்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பெரியம்மா வேலிக்கு மேலால் கேட்டுவிட்டு, "கூட்டத்துக்குள்ளை கொடி பிடிக்கிற ஆளாக்கும்" என்றா. அந்த நேரமே சொல்லியிருப்பேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாடகம் முடிகிறதுக்குள்ளே அந்தக் குதிரை நான்தான் என்று பெரியம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். அதைவிட எனக்கு வேறு ஒரு ஆசையும் இல்லை.

சட்டம்பியாரிடம் போய்க் கேட்டேன். "ஐயா, பேர் வாசிக்கேக்கை என்ரை பேரையும் வாசிப்பியளே?"

"குதிரையின்ரை பேரை வாசிச்சால் சனம் குதிரையைப் பார்க்காது. உன்னைத்தான் பார்க்கும்."

எனக்கும் அதுதான் வேண்டும் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நிற்கிறதுதான் என் வேலை என்றாலும், எந்தக் குதிரை மாதிரி நிற்கிறது என்று நான் யோசித்து வைத்திருந்தேன். அம்மாவின் தமையன், என் மாமா, நெடுந்தீவில் இருந்தார். அதற்கு முந்தின விடுமுறைக்கு என்னை லோஞ்சில் கடல் கடந்து கூட்டிக்கொண்டு போய் ஒரு மாதம் வைத்திருந்தார். நெடுந்தீவில் குதிரைகள் ஒருத்தருக்கும் சொந்தமில்லாமல் வெளியில் திரியும். நான் காலையில் போனால் மாமி வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்வரைக்கும் அதுகளோடுதான். காத்தடித்தால் ஒரு குதிரையும் முகம் கொடுக்காது, பின்பக்கத்தைக் காத்துக்குக் கொடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். இலையான் மொய்த்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கும். பிடிக்காத ஆள் கிட்ட வந்தால் கடிக்காது, மெல்லத் திரும்பிப் பின்னழகைக் காட்டும். தண்ணீர் மணந்தால் முன்னங்காலால் நிலத்தைச் சுரண்டும். இதெல்லாம் எனக்குக் கால் வரைக்கும் பாடம். ஒத்திகையில் நான் ஒன்றும் செய்து காட்டவில்லை. நிற்கச் சொன்னார்கள், நின்றேன்.

அன்றைக்குப் பின்னேரம் பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. பெண்கள் ஒரு பக்கம் பாயில், ஆண்கள் ஒரு பக்கம், பிந்தி வந்தவர்கள் அரைச்சுவருக்கு வெளியே. மேடை என்றது பிள்ளைகள் இருந்து படிக்கிற நாலு வாங்குகளைச் சேர்த்துக் கட்டி அதற்குமேல் பலகை போட்டது. சட்டம்பியார் முன்னுக்கு வந்து பேர்கள் வாசித்தார். அரசன், அரசி, இளவரசன், மந்திரி, முனிவர், பசித்தவன். ஒவ்வொரு பேருக்கும் தகப்பன் பேரும் சேர்த்து. பிறகு, "மற்றும் பலர்" என்றார். சிவப்புத் திரைக்குப் பின்னால் சாக்குக்குள்ளே நின்றுகொண்டு அதைக் கேட்டேன். மற்றும் பலரில் நான் ஒரு ஆள்தான் இருந்தேன்.

திரை விலகியது. இளவரசன் முடியும் தோள்மணியும் மை பூசின மீசையுமாய் வடிவாக வந்து நின்று தன் குணங்களைப் பாடத் தொடங்கினான். முதல் பாட்டுக்குச் சனம் கேட்டது. இரண்டாம் பாட்டுக்குக் கடலை கொறித்தது. மூன்றாம் பாட்டு நடக்கும்போது அரைச்சுவருக்கு மேலால் கடல் காத்து ஒன்று அள்ளி அடித்தது. எனக்கு யோசிக்க நேரமிருக்கவில்லை. உடம்பு தானாய்த் திரும்பிவிட்டது. பின்பக்கத்தைக் காத்துக்குக் கொடுத்துத் தலையைத் தொங்கப் போட்டேன். காத்து வந்தது சபைப் பக்கமிருந்து. முன்வரிசையில் இருந்த பெரிய மனுசர் எல்லாருக்கும் குதிரையின் வால்தான் கிடைத்தது.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் சொன்னார்:

"அட, உது நெடுந்தீவுக் குதிரையடாப்பா."

மண்டபம் அதிர்ந்தது. அண்ணை பாட்டை விடாமல் பாடினான். நல்ல பிள்ளை. நான் இலையானுக்குச் சிலிர்த்தேன். அதற்கும் சிரித்தார்கள். மந்திரி வந்து இளவரசனுக்குப் புத்தி சொன்னபோது எனக்கு அந்த மந்திரியைப் பிடிக்கவில்லை என்று மெல்லத் திரும்பினேன். பூவரசந் தடி இரண்டும் சுழன்று மந்திரியின் கணைக்காலில் பட்டது. அவன் "ஐயோ அம்மா" என்றான், கதையில் இல்லாத வசனம். அண்ணை கடிவாளத்தை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்மா நில்லடி" என்றான். நான் தலையை ஆட்டி ஒரு கனைப்புக் கனைத்தேன். அதோடு நாடகம் என் கையில் வந்துவிட்டது. முனிவர் உபதேசம் செய்தால், குதிரை என்ன நினைக்கிறது என்று சனம் குதிரையைப் பார்த்தது. இளவரசன் பசித்தவனுக்குச் சோறு கொடுத்தால், குதிரைக்குக் கொடுக்கவில்லையே என்று பெண்கள் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

இந்த இடம் சொல்லும்போது பேரன் தன் விளையாட்டை நிற்பாட்டிவிட்டான். "அப்ப நீங்கள்தான் கிழவி" என்றான். அப்போது எனக்குப் பத்து வயதடா என்றேன். "அது தெரியும், ஆனா நீங்கள்தான் கிழவி" என்றான். நானும் ஓம் என்றேன். அதில் எனக்குப் பெருமைதான்.

கடைசிக் காட்சி வந்தது. பொட்டல் வெளி. மேடைப் பலகையில் ஒரு இடைவெளி விட்டு, அதற்குள்ளே பெரியம்மாவின் நீலச் சேலை ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். அண்ணையின் ஈட்டி முனையில் ஒரு கொழுக்கி. குத்தித் தூக்கினால் சேலை கொழுவிக்கொண்டு வரும், அதை விசிறினால் தண்ணீர். ஒத்திகையில் ஒவ்வொரு தரமும் வந்தது.

அன்றைக்கு வரவில்லை. அண்ணை குத்தினான், பலகையில் பட்டது. இரண்டாம் தரம் குத்தினான், கொழுக்கி வளைந்துவிட்டது. மூன்றாம் தரம் குத்தத் தடி கையில் நின்றது, முனை உள்ளே விழுந்துவிட்டது. அவன் வியர்வையில் மீசை கரைந்து கன்னத்தால் ஓடியது. "பொங்குக தண்ணீரே" என்று பாடினான். பொங்கவில்லை. திரும்பவும் பாடினான். சனம் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் பயமாயிருந்தது. திரைக்குப் பக்கத்தில் சட்டம்பியார் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் மூக்கை உயர்த்தினேன். மணந்தேன். மேடையின் அந்தக் கரையிலிருந்து மணந்துகொண்டே வந்தேன். அண்ணையை முகத்தால் ஒரு தள்ளுத் தள்ளி விலத்திவிட்டு, அந்த இடத்தில் முன்னங்காலால் சுரண்டினேன். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். பெருவிரலில் சேலைத் தலைப்பு தட்டுப்பட்டது. கால்விரலால் நெம்பி மேலே எடுத்தேன். ஓலைத் தலையைக் குனிந்து, கயிற்றை இழுத்து வாயால் கவ்வி, ஒரே இழுவை. பன்னிரண்டு முழ நீலச் சேலையும் காத்தில் பொங்கி எழும்பி மேடை முழுக்கப் பரந்தது.

அந்தச் சத்தத்தை நான் பிறகு ஒரு நாளும் கேட்டதில்லை. என் கலியாணத்துக்கு அடித்த மேளமும் அதற்கு ஈடில்லை.

அந்த நேரம்தான் பெரியப்பா மண்டபத்துக்குள்ளே வந்தார். மகன் நாடகத்தில் நடிக்கிறான், வந்து பாருங்கோ என்று பெரியம்மா கடிதம் போட்டிருக்கிறா. என்ன வேஷம் என்றும், பட்டுத்துணி எதற்கு என்றும் எழுதவில்லை, வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று. அவர் மாத்தறையிலிருந்து ரயிலேறி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, சந்தையில் ஒரு ரோசாப்பூ மாலை கட்டுவித்து, பஸ் பிடித்து, பெட்டியோடு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார். பேர் வாசித்த நேரம் அவர் இல்லை. அரைச்சுவருக்கு வெளியே நின்று பின்பாதியைத்தான் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்ற ஒருவர், "முதலாளி, உங்கடை பெடியனும் நிக்கிறானாம், எது?" என்று கேட்டாராம். அவருக்கு இருந்த நினைவு, ஒன்றரை வருஷத்துக்கு முந்தி, தோளில் ஏறியிருந்து குதிரை ஓடின சின்னப் பெடியன். மேடையில் நின்ற இளவரசனோ நெடுத்துப்போய், குரல் தடித்து, பவுடரும் மீசையுமாய் யாரோ ஒரு ஆள். மண்டபம் முழுக்கக் கொண்டாடுவது குதிரையை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். நடிப்புப் பிடித்துப்போனால் நாடகத்தின் நடுவிலேயே எழும்பிப் போய் மாலை போடலாம். ஆட்டம் அதற்காகக் கொஞ்சம் நிற்கும். பெரியப்பா மாலையோடு சனத்தை விலத்திக்கொண்டு வந்து வாங்கில் கால் வைத்து மேடையில் ஏறினார். ஓட்டைக்குள்ளால் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணை தகப்பனைக் கண்டதும் முகம் மலர்ந்து, கையைக் கூப்பி, மாலைக்குத் தலையைக் குனிந்து கொடுத்தான்.

பெரியப்பா அவனைத் தாண்டி வந்து குதிரையின் கழுத்தில் மாலையைப் போட்டார். சாக்கு முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "நல்லாச் செய்தாய் மோனை" என்றார். பிறகு சபையைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி, "என்ரை மோன்" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பெரியம்மா, "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று கையைக் காட்டினது எனக்குத் தெரிந்தது. கைதட்டலில் அது எடுபடவில்லை. சட்டம்பியார்தான் ஓடிவந்தார். என்ன சொல்லுகிறது என்று தெரியாமல், குதிரைத் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். உள்ளே நான். தும்பு ஒட்டின தலையும் ஒழுகுகிற மூக்குமாய், கழுத்தில் ரோசாப்பூ மாலையோடு.

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெரியப்பா என்னைப் பார்த்தார், பிறகு சுற்றிப் பார்த்தார், பிறகு குனிந்தபடி நின்ற அண்ணையின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"நீயே உது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எல்லாரையும்விடப் பெரிய சத்தமாய் அவரே சிரித்தார். மாலையைக் கழற்றி அவனுக்குப் போட என் பக்கம் கையை நீட்டினார். அந்த நெடுந்தீவுக் குதிரை என்று சொன்ன கிழவர் எழும்பி நின்றுவிட்டார்.

"வேண்டாம் முதலாளி. விழுந்தது விழுந்ததுதான். மாலை குதிரைக்கு."

குதிரைக்கு, குதிரைக்கு என்று மண்டபம் முழுக்க ஒரே குரல். சட்டம்பியார் பேர் எழுதின கடதாசியைத் தேடவில்லை. முன்னுக்கு வந்து நின்று என் பேரை வாசித்தார். அப்பாவின் பேரும் சேர்த்து, தனியாக, பலமாக. பிறகு திரும்பவும் ஒருதரம். நான் பெரியம்மாவைத் தேடிப் பார்த்தேன். அவ எழும்பி நின்று கைதட்டிக்கொண்டு நின்றா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, பக்கத்து மனுசியிடம், "எங்கடை பெட்டை" என்று சொன்னது வாயசைவில் எனக்கு விளங்கியது. எழுத்துத்தான் வாசிக்கத் தெரியாது எனக்கு, வாயசைவு நன்றாய் வாசிப்பேன்.

அன்றைக்கு நான் நடந்து வீட்டுக்குப் போகவில்லை, ஊர்வலம் போனேன். மாலையைக் கழற்றவில்லை. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் வீட்டுக்குப் போக ஒரே ஒழுங்கைதான், வேலிகளுக்கு நடுவே மண்பாதை. பெரியப்பா முன்னுக்குப் போனார். எதிரே வந்த ஆட்களையெல்லாம் நிற்பாட்டி, தான் மாலை போட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு வெட்கமே இல்லை, அவ்வளவு நல்ல மனுசன். பெரியம்மாவும் அம்மாவும் அவருக்குப் பின்னால். அம்மா அப்பாவிடம் கேட்டா, "குதிரைக்குள்ளை இவள்தான் எண்டு உங்களுக்காவது தெரியுமே?" என்று.

அப்பா சாதாரணமாய்ச் சொன்னார். "முதல் அடி வைக்கேக்கையே தெரியும். வலது காலைக் கொஞ்சம் வெளியாலை போட்டு வைப்பாள். வரம்பிலை தண்ணிக் குடம் கொண்டு வாறபோது பார்க்கிறனான்தானே."

எனக்கு அது பெரிய விஷயமாய்ப் படவில்லை. ஊர் முழுக்கக் கைதட்டியிருக்கிறது, அப்பாவுக்குத் தெரிந்தது என்ன புதினம். அப்பா எப்போதும் அங்கேதானே நிற்கிறவர்.

அண்ணை எல்லாருக்கும் பின்னால் வந்தான். முடியைக் கையில் வைத்திருந்தான். முகத்துப் பவுடரில் இரண்டு கோடு இறங்கியிருந்தது. மாலைக்காகத்தான் அழுகிறான் என்று நினைத்தேன். எனக்கும் இரக்கம் வந்தது, வென்றவளுக்கு வருகிற இரக்கம். பின்தங்கி நின்று, மாலையை நடுவால் அறுத்து ஒரு பாதியை நீட்டினேன்.

"இந்தா அண்ணை. உன்ரை மாலைதானே."

"எனக்கு வேண்டாம்."

கொஞ்சத் தூரம் நடந்தோம். பிறகு அவன் மெல்லக் கேட்டான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"சித்தப்பாவுக்குக் காலைப் பார்த்தே தெரிஞ்சதாமே?"

"ஓம்" என்றேன், பெருமையாக. "ஒரு அடிதான் வைச்சனான். உடனை பிடிச்சிட்டார்."

அண்ணை நடையை நிற்பாட்டினான். குனிந்து தன் இரண்டு காலையும் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். அவ்வளவு நேரம் ஒரு ஆள் தன் காலைப் பார்த்து நான் கண்டதில்லை. ஒழுங்கை முழுக்க நெருஞ்சி. குத்திவிட்டதாக்கும் என்று நினைத்து, அவனுக்கு முன்னால் குந்தியிருந்து, எந்தக் காலிலை அண்ணை முள்ளு, காட்டு, நான் எடுத்துவிடுறன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.